அறிவியல் கேள்வி–பதில்: ரப்பர் பாலும் மூலக்கூறின் நடையும்

உயிர் மூலக்கூறுகளை இயற்பியல் முறைகளால் எவ்வாறு ஆராய்கிறார்கள் என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இம்முறை விடையளிக்கிறேன். தேர்ந்தெடுத்த கடிதங்கள் அனைத்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. ரப்பர் பால், தேன், அக்கானி (பதநீர்), கடல் என்று வாசகர்களின் அன்றாடத் தொழிலிலிருந்தே கேள்விகள் எழுந்திருப்பதால், விடைகளையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குலசேகரத்திலிருந்து ரப்பர் விவசாயி ஒருவர்: ரப்பர் பாலை சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டிப்பால் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே இயந்திரத்தால்தான் புரதத்தின் எடையையும் கண்டுபிடித்தார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். பாலைப் பிரிக்கும் இயந்திரம் எடை போடுமா?

மகள் சொல்வது சரிதான்; ‘அதே இயந்திரம்’ என்பதை மட்டும் ‘அதே தத்துவம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர்; அது நுண்துகள்களாக நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ரப்பரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.92 கிராம், அதாவது நீரைவிடக் குறைவு. அம்மோனியா சேர்த்த பாலை நிமிடத்துக்கு 6000, 7000 சுற்று வேகத்தில் சுழற்றும்போது கனமான நீர்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. ரப்பர் துகள்கள் அச்சை நோக்கி நகர்ந்து, 60 விழுக்காடு ரப்பர் கொண்ட கெட்டிப்பாலாகத் திரள்கின்றன.

புரதத்தை இப்படி எளிதில் நகர்த்திவிட முடியாது. பெரிய ரப்பர் துகளின் குறுக்களவு 1 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறோ 5 அல்லது 6 நானோமீட்டர்தான், ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அது நீரைவிட அடர்த்தியானது என்றாலும், ஒரு குவளையில் கரைத்து ஓராண்டு அசையாமல் வைத்தாலும் அடியில் படியாது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும் வேகத்தைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர்கூட வராது. நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதி அதை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருப்பதால் அந்த அற்ப வீழ்ச்சியும் கலைந்துபோகிறது.

ஸ்வீடனின் உப்சாலா நகரில் பணியாற்றிய தியோடர் ஸ்வெட்பெரி, புவியீர்ப்பால் முடியாததைச் சுழற்சியால் செய்யலாம் என்று எண்ணி, 1920-களின் நடுவில் மீவேக மையவிலக்கு இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய கருவிகளில் நிமிடத்துக்கு 60,000 சுற்று வரை போகலாம். அப்போது கரைசலின் மீது செயல்படும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 2.9 லட்சம் மடங்கு. அந்த வேகத்தில்கூட ஹீமோகுளோபின் மணிக்கு 4 மில்லிமீட்டர் அளவுதான் நகர்கிறது. அவ்வளவு போதும். கரைசல் இருக்கும் சிறு அறையில் ஒளி ஊடுருவும் சன்னல்கள் உண்டு. சுழன்றுகொண்டிருக்கும்போதே அவற்றின் வழியாக ஒளியைச் செலுத்தினால், புரதம் இருக்கும் பகுதிக்கும் அது நீங்கிய பகுதிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மெல்ல நகர்வதைப் பதிவுசெய்யலாம்.

இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இனிமேல்தான் வருகிறது. நகரும் வேகத்தை மட்டும் வைத்து எடையைச் சொல்ல முடியாது; கனமான மூலக்கூறு வேகமாக நகரும் என்பது உண்மையானாலும், நீண்டு மெலிந்த மூலக்கூறுக்கு உராய்வு அதிகம் என்பதால் அது தன் எடைக்கேற்ற வேகத்தில் போகாது. ஆனால் அந்த எல்லைக்கோடு நகர்வதோடு நிற்பதில்லை. நேரம் ஆக ஆகக் கூர்மை மழுங்கி அகலமாகிறது. ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை ஒரு மணி நேரத்தில் 0.7 மில்லிமீட்டர் அளவு பரவுகிறது. இவ்வாறு பரவுவதற்கு விரவல் என்று பெயர். வெப்பநிலை மாறாதிருந்தால் அது உராய்வை மட்டுமே பொறுத்தது. நகரும் வேகத்தை, பரவும் விரைவைக் குறிக்கும் விரவல் எண்ணால் வகுத்தால் உராய்வு இரண்டிலும் அடிபட்டுப்போகும். அப்போது மூலக்கூறின் வடிவத்தைப் பற்றி எந்த ஊகமும் செய்யாமலேயே அதன் எடை கிடைத்துவிடுகிறது. கரைசலின் அடர்த்தியையும் புரதம் அடைத்துக்கொள்ளும் பருமனையும் தனியே அளந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் விகிதத்தை வைத்து, ஒரு மூலக்கூறில் ஓர் இரும்பு அணுவாவது இருந்தால் அதன் எடை (ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ 1 என்று கொண்டால்) குறைந்தது 16,700 இருக்க வேண்டும் என்று வேதியியலார் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். ஸ்வெட்பெரியின் அளவீடோ அதன் நான்கு மடங்கை ஒட்டி வந்தது. ஆகவே ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள். (இன்று ஏற்கப்படும் எடை ஏறக்குறைய 64,500.) புரதம் என்பது நிலையான எடையற்ற ஏதோ ஒரு திரள் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், எல்லா மூலக்கூறுகளும் ஒரே எடையோடு ஒரே வரிசையாக நகர்வதை அந்த எல்லைக்கோடு காட்டியது. 1926-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஸ்வெட்பெரிக்குக் கிடைத்தது.

தக்கலையிலிருந்து மேல்நிலைப் பள்ளி மாணவி: பாக்டீரியாவின் ரைபோசோம் 70 எஸ் என்றும், அதன் இரு பகுதிகள் 50 எஸ், 30 எஸ் என்றும் பாடத்தில் உள்ளது. கூட்டினால் 80 அல்லவா வர வேண்டும்?

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதத்தைக் கட்டும் துகள். ‘எஸ்’ என்பது மேலே சொன்ன ஸ்வெட்பெரியின் பெயரால் வழங்கும் அலகு. அது எடையைக் குறிப்பதன்று. மையவிலக்கு விசையில் ஒரு துகள் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதைக் குறிப்பது. 1 எஸ் என்பது 10⁻¹³ நொடி. இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தும்போது எடைகள் கூடும். ஆனால் நீரில் உராயும் பரப்பும் வடிவமும் மாறிவிடுவதால் வேகங்கள் அப்படியே கூடுவதில்லை. இந்த 30 எஸ் பகுதியின் அணு அளவிலான அமைப்பை எக்ஸ் கதிர்களால் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

மார்த்தாண்டத்திலிருந்து இரத்தப் பரிசோதனைக் கூடப் பணியாளர்: ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரேசிஸ் செய்யும்போது ஏறக்குறைய ஒரே எடையுள்ள மூலக்கூறுகள் எப்படித் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன? டி.என்.ஏ.வைப் பிரிப்பதும் இதே முறைதானா?

உங்கள் ஊரைச் சுற்றி ரப்பர் ஷீட் அடிக்கும் எந்த வீட்டிலும் இதற்கான முதல் பாடம் இருக்கிறது. ரப்பர் துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்புப் பொருளும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. அந்த உறை எதிர் மின்னூட்டம் கொண்டிருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. டிரேயில் ஊற்றிய பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்தவுடன் அந்த மின்னூட்டம் நடுநிலையாகிவிடுகிறது. விலக்கும் விசை இல்லாமற்போக, பால் உறைகிறது. புரதத்தின் மின்னூட்டம் கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறும் என்பதுதான், மின்புலத்தில் மூலக்கூறுகளை நகரவிட்டுப் பிரிக்கும் எலக்ட்ரோபோரேசிஸ் முறைக்கும் அடிப்படை. ஸ்வெட்பெரியின் மாணவரான ஆர்னே டிசேலியஸ் இம்முறையைச் செம்மைப்படுத்தி, இரத்தத் தெளிநீரின் புரதங்களை ஆல்புமின் என்றும் ஆல்ஃபா, பீட்டா, காமா குளோபுலின் என்றும் பிரித்துக் காட்டினார். அவருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹீமோகுளோபினுக்கு வருவோம். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்பதை லைனஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1949-இல் வெளியிட்டார்கள். ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று காட்டிய முதல் ஆய்வு அது. ஹீமோகுளோபினில் பீட்டா எனப்படும் அமினோ அமிலச் சங்கிலியின் ஆறாம் இடத்தில் எதிர் மின்னூட்டமுள்ள குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக மின்னூட்டமற்ற வாலின் அமர்ந்திருக்கிறது என்ற விவரத்தைப் பின்னர் வெர்னன் இங்ரம் கண்டறிந்தார். ஒரு மூலக்கூறில் இரண்டு பீட்டா சங்கிலிகள் உள்ளதால் குறைவது இரண்டே இரண்டு மின்னூட்டம். 64,500 எடையில் அந்த மாற்றத்தை எந்தத் தராசும் எளிதில் பிடித்திருக்காது. நீங்கள் பயன்படுத்தும் காரக் கரைசலில் அந்த வகை நேர்மின்வாயை நோக்கிச் சற்றுப் பின்தங்கி நகர்வதால் பட்டை தனியே விழுகிறது.

டி.என்.ஏ.வின் நிலை வேறு. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பாஸ்பேட் தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னூட்டம் என்பதால் நீளம் கூடக்கூட இழுக்கும் விசையும் உராய்வும் சேர்ந்தே கூடுகின்றன. வெறும் நீர்மத்தில் நெடியதும் குறியதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும். அவற்றைப் பிரிப்பது அகரோஸ் கூழின் துளைகள். இதற்கு மீன் வலையை உவமையாகச் சொல்வது வழக்கம். ஆனால் வலையில் சிறியது தப்பிவிடும், பெரியது அகப்பட்டுவிடும் என்பதோடு அந்த உவமை முடிந்துவிடுகிறது. கூழில் எதுவும் முற்றிலும் அகப்படுவதில்லை. நெடிய இழை துளைகளுக்குள் நெளிந்து நெளிந்து தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஆகவே ஹீமோகுளோபின் பட்டையின் இடம் மின்னூட்டத்தைச் சொல்கிறது, டி.என்.ஏ. பட்டையின் இடம் நீளத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால் மாணவர்கள் பலர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

குளச்சலிலிருந்து, கடல்தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர்: வலையில் வரும் சொறியை (ஜெல்லி மீனை) நாங்கள் தொல்லை என்று தூக்கி எறிகிறோம். அதிலிருந்து எடுத்த ஒரு பொருளுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்கிறார்கள். அதனால் என்ன பயன்?

நீங்கள் குறிப்பிடும் சொறி நம் கடலில் அகப்படும் வகையன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஏக்வோரியா விக்டோரியா என்னும் இனம். அதன் ஒளியை ஆராய்வதற்காக ஒசாமு சிமோமுரா ஆயிரக்கணக்கான சொறிகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்து வேறொரு புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது உடன் கிடைத்ததுதான் பச்சை ஒளிர் புரதம். 1962-இல் அதைப் பற்றி எழுதினார். அந்தப் புரதத்துக்கான மரபணுவை வேறு உயிர்களுக்குள் செலுத்தினால் அவையும் பச்சையாக ஒளிரும் என்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் காட்டினார். இவர்கள் இருவரோடு, பல நிறங்களில் ஒளிரும் வகைகளை உருவாக்கிய ரோஜர் சியெனும் 2008-ஆம் ஆண்டின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். அதுவரை ஒரு மூலக்கூறின் நடையை அறிய வேண்டுமானால் செல்லை உடைத்து, அதை வெளியே எடுத்து, தூய நீரில் கரைத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. உயிரோடிருக்கும் செல்லுக்குள் அது எப்படி நடமாடுகிறது என்ற கேள்விக்கு அந்த அளவீடு விடையாகாது. இப்போது நமக்கு வேண்டிய புரதத்தோடு பச்சைப் புரதத்தை இணைத்துவிடலாம். பிறகு செல்லின் ஒரு சிறு பகுதியில் வலிமையான லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அங்குள்ள மூலக்கூறுகள் ஒளிரும் தன்மையை நிரந்தரமாக இழந்து, அந்த இடம் கருத்துவிடும். அதன்பின் ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். சுற்றிலுமிருந்து ஒளிரும் மூலக்கூறுகள் உள்ளே வரவர அந்த இடம் மீண்டும் வெளிச்சமாகிறது. எவ்வளவு விரைவில் வெளிச்சமாகிறது என்பது விரவல் வேகத்தைச் சொல்லும். எவ்வளவு காத்திருந்தாலும் முழு வெளிச்சம் திரும்பவில்லையென்றால், மூலக்கூறுகளில் ஒரு பங்கு எதனோடோ கட்டுண்டு அசையாமல் நிற்கிறது என்று பொருள். 1970-களில் செயற்கைச் சாயங்களைக் கொண்டு உருவான இந்த முறைக்குப் பச்சைப் புரதம் வந்த பிறகு புதிய வீச்சு கிடைத்தது.

இவ்வாறு அளந்ததில் தெரிந்த ஓர் எண்ணைச் சொல்கிறேன். பச்சைப் புரதத்தின் விரவல் எண் தூய நீரில் நொடிக்கு ஏறக்குறைய 87 சதுர மைக்ரோமீட்டர், ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் அது 8 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. செல்லின் உள்ளே புரதங்களும் ரைபோசோம்களும் அவ்வளவு நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. ஆயினும் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அந்த பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்தப் புரதம் கால் நொடி அளவில் போய்ச் சேர்ந்துவிடும். எந்த உந்துதலும் இல்லாமல், வெறும் வெப்ப அலைக்கழிப்பாலேயே.

செல்லைச் சூழ்ந்த சவ்வும் அசையாத சுவரன்று. ஃபிரை, எடிடின் என்னும் இருவர் 1970-இல் எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் பாதி ஒரு நிறமும் பாதி மறு நிறமுமாக இருந்த செல், 37 டிகிரியில் 40 நிமிடத்துக்குள் இரண்டும் கலந்து காணப்பட்டது. குளிர்ச்சியில் வைத்தபோது கலக்கவில்லை. இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு பெரிய உண்மையைக் காட்டிய சோதனைகள் மிகச் சில.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பச்சைப் புரதத்தின் எடை 27,000. சிறிய புரதம் ஒன்றின் முதுகில் அதைக் கட்டிவிட்டு, ‘இதுதான் அந்தப் புரதத்தின் இயல்பான நடை’ என்று சொல்வது சுமைதூக்கிச் செல்பவரைப் பார்த்து அவருடைய நடைவேகத்தை முடிவுசெய்வதைப் போன்றது. நல்ல ஆய்வாளர்கள், அடையாளம் ஏற்றிய பிறகும் அந்தப் புரதம் தன் வேலையைச் சரிவரச் செய்கிறதா என்று தனியே சோதித்துவிட்டே எண்ணை வெளியிடுகிறார்கள்.

திருவட்டாற்றிலிருந்து தேனீ வளர்ப்பவர்: தேன் ஒளியைத் திருப்பும் என்றும், அதை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்கலாம் என்றும் பயிற்சியில் கேட்டேன். உண்மையா?

உண்மை, ஆனால் ஓரளவுக்கே. சர்க்கரை மூலக்கூறுகள் இட வல அமைப்பில் சமச்சீரற்றவை என்பதால், ஒரே தளத்தில் அதிரும் ஒளி அவற்றின் கரைசல் வழியே செல்லும்போது அந்தத் தளம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. இத்திருப்பத்தைப் போலாரிமீட்டர் என்னும் கருவியால் அளக்கலாம். கரும்புச் சர்க்கரையும் பனஞ்சர்க்கரையும் சுக்ரோஸ்தான். அதன் தன்திருப்பம் (குறிப்பிட்ட செறிவுக்கும் ஒளி கடக்கும் நீளத்துக்கும் கணக்கிட்ட திருப்பம்) வலப்புறம் 66.5 பாகை. சுக்ரோஸ் உடைந்தால் கிடைக்கும் குளுக்கோஸ் வலப்புறம் 52.7 பாகை திருப்பும், ஃபிரக்டோஸ் இடப்புறம் 92 பாகை அளவில் திருப்பும். சம அளவில் கலந்தால் மொத்தத்தில் இடப்புறம் 20 பாகை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி புளிக்கத் தொடங்கும்போது நிகழும் முதல் மாற்றங்களில் சுக்ரோஸ் இப்படி உடைவதும் ஒன்று.

ரப்பர் மரம் தளிர்விடும் பருவத்தில் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து உங்கள் தேனீக்கள் எடுத்துவரும் இனிப்புநீரைத் தேனீயின் நொதி இவ்வாறே உடைத்துவிடுகிறது. தேனில் ஃபிரக்டோஸ் சற்று மிகுதி என்பதால் அது பொதுவாக இடப்புறம் திருப்பும். சீனிப்பாகு கலந்தால் திருப்பம் வலப்பக்கம் சாயும். ஆனால் ஏற்கெனவே உடைக்கப்பட்ட பாகைக் கலந்தால் இக்கருவி ஏமாந்துவிடும். ஆகவே வலப்பக்கம் சாய்ந்தால் சந்தேகப்படுங்கள். இடப்பக்கம் திருப்பியது என்பதற்காக மட்டும் தூய தேன் என்று நற்சான்று தந்துவிடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து இயற்பியல் முதுகலை மாணவி: கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியை அளப்பதை விட்டு, ஒரே ஒரு மூலக்கூறின் நடையை அளக்க முடியுமா?

முடியும். ஆர்தர் அஷ்கின் 1986-இல் நிலைநிறுத்திய ஒளிக்கிடுக்கி முறையில், குவிக்கப்பட்ட லேசர் ஒளியின் மையத்தில் ஒரு நுண்மணியைப் பிடித்து வைக்கலாம். மணி மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ற விசை அதைத் திரும்ப இழுப்பதால், அது ஒரு சுருள்வில் தராசு போலச் செயல்படுகிறது. செல்லுக்குள் பொதி சுமக்கும் கினிசின் என்னும் புரதத்தை இந்த மணியோடு இணைத்து அதன் பாதையில் நடக்கவிட்டபோது, அது வழுக்கிக்கொண்டு போகவில்லை, 8 நானோமீட்டர் இடைவெளியில் அடியெடுத்து வைக்கிறது என்று 1993-இல் தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. ஏறக்குறைய 6 பிக்கோநியூட்டன் எதிர்விசை கொடுத்தால் நின்றுவிடும். சராசரியை மட்டும் அளந்திருந்தால் சீரான ஒரு வேகம்தான் கிடைத்திருக்கும். அடிகள் தெரிந்தே இருக்காது. உங்கள் பாடத்தில் வரும் வெப்ப இயக்கவியலும் ஒளியியலும் இத்துறைக்கு நேரே பயன்படும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1950-களில் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனும் இயற்பியல் படித்து வந்தவரே.

அருமனையிலிருந்து பள்ளி ஆசிரியர்: இவற்றில் எதையேனும் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் செய்துகாட்ட இயலுமா?

இயலும், அதற்கான பொருள் உங்கள் பள்ளிக்கு வெளியே மரத்தில் சிரட்டை கட்டி வடிந்துகொண்டிருக்கிறது. அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலில் ஒரு துளியை அரைக் குவளை நீரில் கலந்து, அதிலிருந்து ஒரு துளியை மீண்டும் அதே அளவு நீரில் கலந்து, கண்ணாடி வில்லையில் வைத்து 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். துகள்கள் துள்ளிக்கொண்டிருப்பது தெரியும். ஜான் பெரின் 1908-இல் இதே ஆய்வைச் செய்தபோது பயன்படுத்தியதும் ஒரு மரத்தின் பால்தான்: நாம் மீன்குழம்பில் போடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரத்திலிருந்து வடியும் மஞ்சள் பிசின். ஒரே அளவுள்ள சில டெசிகிராம் துகள்களுக்காக ஒரு கிலோ பிசினை மாதக்கணக்கில் சுழற்றிப் பிரித்தார் அவர். அவற்றின் இடத்தை 30 நொடிக்கு ஒருமுறை குறித்து, ஐன்ஸ்டீன் 1905-இல் தந்த சமன்பாட்டைப் பொருத்தி, ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைக் கண்டார்.

மாணவர்கள் கண்ணருகு வில்லையில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்து, ஒரு துகளின் இடத்தை 10 நொடிக்கு ஒருமுறை தாளில் குறிக்கட்டும். 1 மைக்ரோமீட்டர் துகள் ஒரு திசையில் 1 நொடியில் சராசரியாக 1 மைக்ரோமீட்டர் அளவே விலகும். 100 நொடியில் 100 அன்று, 10 மட்டுமே. விலகலின் வர்க்கத்தைப் பல துகள்களுக்குச் சராசரி எடுத்தால், நேரம் இரட்டிக்கும்போது அதுவும் இரட்டிக்க வேண்டும். அப்படி வந்தால் அந்தச் சாய்விலிருந்தே துகளின் ஆரத்தைக் கணக்கிடலாம். அதற்கு வெப்பநிலையும் நீரின் பாகுநிலையும் தெரிந்தால் போதும்.

மேல்கண்ணாடியின் விளிம்புகளை நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள். எல்லாத் துகள்களும் ஒரே திசையில் சேர்ந்து போனால் அது நீர் ஆவியாவதால் ஏற்படும் ஓட்டம்; அந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டும். ரப்பர் நீரைவிட இலேசானது என்பதால் துகள்கள் மெல்ல மேலேறி மேல்கண்ணாடியை நெருங்கும். அதற்கு அருகில் உராய்வு கூடி அவற்றின் நடை தளரும். ஆகவே குவியத்தைச் சற்றுக் கீழிறக்கி, இரு கண்ணாடிகளுக்கும் நடுவே உள்ள துகள்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.